கம்பெனிக்குக் கழுத்து உண்டா? பேய்ப் படத்தில் பெருநிறுவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் குறும்படம் எடுக்கிறவர்கள் திகில் கதை பேச உட்கார்ந்தால் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். சில படங்களின் முடிவு இதில் வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேய்ப் படத்துல கம்பெனிக்கு என்னங்க வேலை? ரெண்டும் வேற வேற இல்லையா?

பேய்க் கதைக்கு அடியில் எப்போதும் ஒரு கணக்கு கிடக்கும். யாரோ யாருக்கோ அநியாயம் செய்தார், யாரும் கேட்கவில்லை, செத்தவரே கேட்க வருகிறார். நம் ஊர்க் காவல் தெய்வங்களில் பலர் அநியாயமாகக் கொலையுண்டவர்கள் என்று சொல்லப்படுவதும் இதே கணக்கில்தான். செய்தது ஒரு ஆள் என்றால் கணக்கு நேர். செய்தது கம்பெனி என்றால் பேய் யார் கழுத்தைப் பிடிக்கும்? கம்பெனிக்குக் கழுத்து கிடையாது.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு ஆள். நிலம் வாங்கும், விற்கும், வழக்குப் போடும். பங்குதாரர்கள் அத்தனை பேரும் செத்தாலும் அது சாகாது. தனக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட 2015 திருத்தத்தோடு போய்விட்டது. உடம்பு இல்லை, சாவு இல்லை, கண்ணில் படாது, ஆனால் காரியம் மட்டும் நடக்கும். பேய்க்கு நாம் சொல்கிற லட்சணமும் அதுதானே. (கோயில் தெய்வமும் இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு ஆள்தான், அதன் பேரில் நிலம் இருக்கலாம். மூன்றில் சட்டம் கண்டுகொள்ளாதது பேயை மட்டும்தான்.)

இந்த மாதிரி கதைக்கு முதல்ல எந்தப் படத்தைப் பார்க்கணும்?

1979-இல் வந்த 'ஏலியன்'. ஏழு பேர் சரக்கு இழுக்கும் விண்கலத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் எங்கிருந்தோ ஒரு சமிக்ஞை வருகிறது. எஞ்சின் வேலை பார்க்கும் இருவர், இது எங்கள் வேலையில் சேராது, முதலில் எங்கள் பங்கைப் பேசுங்கள் என்கிறார்கள். அப்போது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு நினைவூட்டப்படுகிறது: போய்ப் பார்க்காவிட்டால் பங்கு மொத்தமும் போய்விடும். அதோடு பேச்சு அடங்கிவிடுகிறது. அங்கே போய்த் தொற்றிக்கொண்ட ஜந்து ஒருவரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு வருவது ரொம்ப நேரம் கழித்து. ஒப்பந்தம் அதற்கு முன்பே அவர்களைப் பிடித்துவிட்டது.

பிற்பாடு அந்த ஏழு பேரில் ஒருத்தியான ரிப்ளி கலத்தின் கணினியில் ஒரு ரகசிய உத்தரவைப் பார்க்கிறாள். ஜந்து பத்திரமாக வந்து சேர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம், ஆட்கள் போனாலும் பரவாயில்லை. மேலிடத்து மனிதர் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. அவர்கள் சார்பில் இருப்பது, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மாற்றி அனுப்பப்பட்ட அறிவியல் அதிகாரி ஒருவர். அவரும் மனிதர் இல்லை, எந்திரம். கதை எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது ஜந்துவை விட்டுவிட்டு, எழுத்தும் உத்தரவும் பணப்பேச்சும் எந்தெந்த நிமிடத்தில் வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாடமும் அந்தக் குறிப்பில் இருக்கும்.

நம்ம தமிழ்ப் படத்துல வில்லன் ஒரு ஆளாத்தானே இருக்கான்? அது தப்பா?

தப்பில்லை, அது வேறு சுகம். 'காஞ்சனா'வில் (2011) மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பிடுங்குகிறார், தட்டிக்கேட்டவர்களைக் கொல்கிறார், ஆவி திரும்பி வந்து பழி தீர்க்கிறது. நில அபகரிப்பு என்ற நிஜமான பயத்தை அது ஊர் ஊராகக் கொண்டுபோனது. கொட்டகையில் விசில் பறந்ததற்குக் காரணம் அந்த வில்லனுக்குக் கழுத்து இருந்ததுதான்.

கம்பெனிக் கதையில் அந்த விசில் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பாதிக் கதைவரை கம்பெனி என்று பேசிவிட்டு, விசிலுக்கு ஆசைப்பட்டுக் கடைசியில் ஒரு குண்டு முதலாளியைச் சுருட்டோடு கொண்டுவந்து நிறுத்துவதுதான் எங்களிடம் வருகிற ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

எங்க ஊர்ல நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி ஓனரை எல்லாம் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவரை எப்படிப் பயமாக் காட்டுறது?

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் இது. இங்கே கம்பெனி என்றால் முதலில் மனதில் வருவது தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், அதன் வாசலில் நிற்கும் தெரிந்த முகம். அவர் கல்யாணத்துக்கு மொய் வைப்பார், படகுக்கு முன்பணம் கொடுப்பார். அவரைப் பேயாக்கினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆக்கவும் வேண்டாம். நண்டின் சதை டப்பாவில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போகிறது. அண்ணனுக்கு மேலே ஏற்றுமதிக்காரர், அவருக்கு மேலே வாங்குகிறவர், அவருக்கு மேலே ஒரு கடைத்தொடர். ஒவ்வொரு படியிலும் விலையைச் சொல்வது அதற்கு மேல் படி. அண்ணன், "மேல ரேட்டு இறக்கிட்டாங்கம்மா, நான் என்ன பண்றது" என்று சொல்லும் அந்த ஒரு வசனத்தில் உங்கள் படம் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் பயம்.

நல்ல முகத்தோடு வரும் கம்பெனி ஆளுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் 'ஏலியன்ஸ்' (1986) படத்தின் பர்க்கைப் பாருங்கள். சிரித்த முகம், ரிப்ளிக்கு ஆதரவான பேச்சு. அறுபது எழுபது குடும்பங்கள் குடியிருக்கும் இடத்தில், என்ன இருக்கிறது என்று சொல்லாமலே போய்ப் பார்க்கும்படி உத்தரவு அனுப்பியவர் அவர். பிடிபட்டதும் அதை ஒரு தப்பான முடிவு என்கிறார். கொலை என்ற சொல் அவர் அகராதியில் இல்லை.

அப்ப கம்பெனியையே பேயா மாத்திட்டா?

லோகோ கண்ணைத் திறப்பது, கட்டடம் மூச்சு விடுவது போன்ற யோசனைகள் எழுத்தில் ஜோராக இருக்கும், திரையில் பொம்மைக் கூத்தாகிவிடும். கம்பெனிக்கு நீங்கள் ஒரு உடம்பு கொடுத்த நிமிடமே அதை வெட்டலாம், எரிக்கலாம் என்றாகிவிடுகிறது. உடம்பே கொடுக்காதீர்கள்.

பேய் ஏன் எப்பவும் ஏமாந்தவனையே பிடிக்குது? ஏமாத்துனவன் நல்லாத்தானே இருக்கான்?

'போல்டர்கைஸ்ட்' (1982) முழுக்க இந்தக் கேள்விதான். இடுகாட்டின் மேல் மனை போட்டு விற்கிறது ஒரு நிறுவனம். கல்லறைக் கற்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பிணங்களை அப்படியே மண்ணில் விட்டுவிடுகிறது. ஆவிகள் கிளம்பி வருவது அந்த முதலாளி வீட்டுக்கு அல்ல, மனையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத் தலைவரே அதே நிறுவனத்தில் வீடு விற்கிறவர், நிறைய விற்றவர். கடைசியில் முதலாளியின் சட்டையைப் பிடித்துக் கத்துகிறார், முதலாளி விழிக்கிறார், உயிரோடு இருக்கிறார்.

செத்தவர்களுக்குத் தெரிந்தது இடம் மட்டும்தான், பங்குப் பட்டியல் தெரியாது. தங்கள் மேல் யார் நடக்கிறார்களோ அவர்களைப் பிடிக்கிறார்கள். நிஜத்தில் நஷ்டம் போய் விழுவதும் இப்படித்தான்: இறால் பண்ணைக்காரர் குத்தகை முடிந்து போய்விடுவார், உப்பான கிணறு பக்கத்துத் தோட்டக்காரருக்கு. உங்கள் பேய் தப்பான ஆளைப் பிடிப்பதைக் கதையின் ஓட்டையாக நினைத்து அடைக்காதீர்கள். அதைத்தான் பெரிதாக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டவன் பாவியா, போடச் சொன்னவன் பாவியா?

அறம் பேசும் இடம் இது. நீங்களே வசனத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் படம் அங்கேயே முடிந்துவிடும். 'ஜாஸ்' (1975) படத்தின் மேயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை வியாபாரம் போய்விடும் என்று கடற்கரையை மூடவிடாமல் செய்கிறார், ஆட்கள் சாகிறார்கள். மருத்துவமனையில் கை நடுங்க, என் பிள்ளைகளும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள் என்கிறார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போனது 'டிரெயின் டு பூசான்' (2016). நாயகனே முதலீட்டு நிதி மேலாளர். தங்கள் நிறுவனம் விழாமல் தூக்கி நிறுத்திய உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியிலிருந்துதான் தொற்று கிளம்பியது என்று கீழே வேலை பார்ப்பவர் போனில் சொல்கிறார். இது என் தப்பா என்று கேட்கிறார். நாயகன் கழிவறையில் கையில் இருக்கும் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு அழுகிறார். அந்த ரத்தம் அவர் கொன்றவர்களுடையது அல்ல, ஆனாலும் போகமாட்டேன் என்கிறது.

எழுதும்போது ஒரு வழி: கையெழுத்துப் போடுகிறவருக்கு நியாயமான காரணம் மூன்று எழுதுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம், படகுக் கடன், நான் போடாவிட்டால் வேறொருவன் போடுவான். மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். அதன் பிறகு அவரைப் போட வையுங்கள்.

ரத்தம், கோரம் இல்லாம பயமுறுத்த முடியுமா? எங்ககிட்ட மேக்கப்புக்குக் காசில்லை.

இறால் பண்ணை ஒன்று போதும். குளத்தில் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றுக் கலக்கும் எந்திரம்) இரவு முழுக்கத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். இருட்டில் பாசியும் இறாலும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருப்பதால், விடியற்காலைக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் குளமே செத்து மிதக்கும். காவல்காரருக்கு இந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. நின்றால்தான் விழிப்பு வரும்.

ஒலியைப் பத்து நிமிடம் வெட்டாமல் பதிவுசெய்து, முதல் காட்சியிலிருந்தே அடியில் மெலிதாக ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். மூன்றாம் பகுதியில், அதிகாலை நாலரை மணிக் காட்சியில் சட்டென்று வெட்டுங்கள். ஆறு முதல் எட்டு விநாடி வேறு எதுவும் வேண்டாம். அங்கே இசையைக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அதற்குப் பிறகு காவல்காரர் யாருக்குப் போன் செய்கிறார், எடுத்த குரல் முதலில் இறாலைப் பற்றிக் கேட்கிறதா அவரைப் பற்றிக் கேட்கிறதா என்பதில் உங்கள் கம்பெனி வந்துவிடும்.

ஐஸ் கம்பெனியில் எடுப்பதாக இருந்தால் அமோனியா ஓடும் கம்ப்ரஸர் அறைப் பக்கம் ஆட்களைக் கூட்டாதீர்கள். கசிவு வந்தால் காற்றுக்கு எதிர்ப் பக்கமாக ஓட வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐஸ் பார் இறக்கும் மேடை போதும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை வச்சுப் பேய்ப் படமா? போரடிக்காதா?

எங்களைக் கேட்டால் இந்தக் கரையில் எடுக்கப்படாமல் கிடக்கும் மிக நல்ல பேய்ப் படம் இதுதான். ஒரு திட்டம் வரும் முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் அது. விதிகளையே பாருங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். நடப்பது முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் தொடங்கலாம் என்ற கணக்கு கிடையாது. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும்.

இதில் மூன்று பேய் வாசல்கள் திறந்திருக்கின்றன. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கூட்டம் தொடங்கலாம். வீடியோ என்பது கேமரா ஏன் ஓடுகிறது என்ற கேள்விக்கே இடமில்லாத, கண்டெடுத்த பதிவுப் படத்துக்கு (ஃபவுண்ட் ஃபுட்டேஜ்) தயாரான வடிவம். கடைசியாக, குறிப்பு வாசிக்கப்படும்போது அன்று கூட்டத்தில் பேசவே பேசாத ஒருவரின் பேச்சு அதில் இருக்கிறது. பேர், ஊர், சொன்ன வார்த்தை எல்லாம் சரி. வாசிக்கும் அதிகாரி பாதியில் நிறுத்துகிறார், பிறகு வேறு வழியில்லாமல் தொடர்கிறார், ஏனென்றால் வாசிக்க வேண்டும் என்பது விதி. போரடிக்காமல் இருக்க, ஷாமியானா வாடகை, மைக் கோளாறு, தண்ணீர்ப் பாட்டில் பெட்டி எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாகவே போகட்டும்.

கிணத்துத் தண்ணி உப்பாகுறதை எப்படிக் காட்டுறது? கண்ணுக்குத் தெரியாதே.

டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது, பேனா மாதிரி இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். கடல்நீர் 35,000 வாக்கில் இருக்கும். கதையில் ஆறு முறை அதே வாளியில் மீட்டரை முக்குங்கள்: 640, 900, 1,800, 3,100 என்று ஏறட்டும். எண் ஏற ஏற வீட்டில் ஒரு மாற்றம்: டீ திரிகிறது, செம்பருத்தி கருகுகிறது, பருப்பு வேக மறுக்கிறது. சாதாரண பேனா மீட்டர்கள் பெரும்பாலும் 9,990-க்கு மேல் காட்டாது, எனவே கடைசி முறை எண்ணே வராமல் போவதும் நியாயமானதே. நெருக்கக் காட்சியில் எண் சிமிட்டினால் ஷட்டர் வேகத்தை 1/50-இல் வைத்துப் பாருங்கள்.

நல்லது பண்ற கம்பெனியும் இருக்கே? ஸ்கூல் கட்டித் தர்றாங்க, தண்ணி மிஷின் வைக்கிறாங்க. எல்லாத்தையும் பேய்னு சொல்றது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதில் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். படத்தில் அந்தத் தண்ணீரில் விஷம் கலக்காதீர்கள், அது சோம்பேறித்தனம். மேலே சொன்ன உப்புக் கிணற்றுக்கு எதிரிலேயே, அதே கம்பெனி வைத்த மிஷினில் பாட்டி குடம் வைத்து நிற்கட்டும். மிஷின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை அவள் வாசிக்கட்டும், அது போதும்.

மண்டபம் பக்கத்துப் பாசியைவிட நல்ல உதாரணம் கிடையாது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை 2000 வாக்கில் ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் இங்கே வளர்க்கக் கொண்டுவந்தது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. பல பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியது. அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரண்டும் உண்மை. நிறுவனம் அந்தத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது, ஆனால் கரையில் இன்றும் அதற்குப் பேர் 'பெப்சி பாசி'. போனவரின் பேர் உயிருள்ள ஒன்றின் மேல் ஏறித் தங்கிவிட்டது. இதற்கு மேல் பேய்க் கதைக்கு என்ன வேண்டும்?

படத்துல நிஜக் கம்பெனி பேரைப் போடலாமா? 'யாவும் கற்பனை'ன்னு கார்டு போட்டா போதும்ல?

போதாது. நிறுவனத்துக்கும் அவதூறு வழக்குப் போட உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது, இரண்டு ஆண்டுவரை சிறை. அட்டை போட்டாலும் பார்ப்பவர் யாரைச் சொல்கிறீர்கள் என்று அடையாளம் காண முடிந்தால் சிக்கல் நிற்கும்.

கற்பனைப் பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடுங்கள், வணிகக்குறிப் பதிவேட்டிலும் பாருங்கள். 'சீ', 'ஓஷன்', 'மெரைன்' சேர்ந்த பெயர் எதை வைத்தாலும் ஏற்கனவே ஒருவர் வைத்திருப்பார். படத்தில் காட்டும் அரசு உத்தரவில் அசோகச் சின்னத்தை அச்சடிக்க வேண்டாம். அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே இருக்கிறது. வட்டமான மங்கிய ஊதா மை ஒன்று போதும், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

பர்மிஷன் எங்கெங்க வாங்கணும்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. பாம்பன் ரயில் பாலத்துக்கு ரயில்வே. டிரோன் பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இறால் பண்ணை, நண்டு கம்பெனி தனியார் இடம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கதையை மறைத்து வாங்காதீர்கள். கம்பெனியின் ஏமாற்றைப் பற்றிய படத்தை ஏமாற்றி எடுப்பது நன்றாக இல்லை.

காத்துச் சத்தம் எல்லா வசனத்தையும் தின்னுடுது. ராத்திரி லைட்டும் இல்லை.

எந்தக் கடல் எப்போது என்று பாருங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா, அதாவது ஆண் கடல், கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், பெண் கடல், அடங்கியிருக்கும். வடகிழக்கு வாடையில் தலைகீழ். தீவின் ஒரு கரையில் முடியாத காட்சியை மறு கரையில் எடுத்துவிடலாம். மைக்குக்கு ரோம உறை கட்டாயம், பஞ்சு உறை இங்கே நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், ஜெட்டி காலியாக இருக்கும் என்று போகாதீர்கள். மராமத்து வேலையில் சுத்தியல் சத்தம் அப்போதுதான் அதிகம்.

இரவுக்கு, பகலில் எடுத்து இரவாக்கலாம்: சூரியன் ஆட்களின் பின்னால், வானம் சட்டகத்துக்கு வெளியே, வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறைவு, வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) 3,200 கெல்வின். வெள்ளை மணலில் இது சொதப்பும், பனங்காட்டுக்குள் நன்றாக வரும். லென்ஸில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணி முதலில்.

தனுஷ்கோடியில எடுத்தா தானாவே பயம் வந்துருமே?

வரும், ஆனால் வேறு பயம். 1964 டிசம்பர் 22 இரவு அந்த ஊரையும் ஒரு ரயிலையும் கொண்டுபோனது புயல். அதில் யாருக்கும் லாபம் இல்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சுவர்களை உங்கள் கம்பெனிக் கதைக்குப் பின்னணியாக வைத்தால், மனிதர் செய்ததும் இயற்கை செய்ததும் ஒன்றாகக் கலந்து கம்பெனி தப்பித்துவிடும். தங்கள் ஆட்களை அங்கே பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கின்றன. நண்டு கம்பெனியின் வெள்ளை டைல்ஸ், டியூப் லைட், தலையில் உறை மாட்டிய இருபது பெண்கள், யாரும் பேசாமல் சதை எடுக்கும் சத்தம். அது இடிந்த தேவாலயத்தைவிடப் பயமானது.

கடைசியில பேய் எம்.டி.யைக் கொன்னுட்டா கதை முடிஞ்சிருச்சுதானே?

முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். கம்பெனி சாகாது. எம்.டி. செத்த மறுநாள் இரங்கல் தீர்மானம், அதற்கு மறுநாள் புது எம்.டி. கொல்லத்தான் வேண்டும் என்றால் கொல்லுங்கள், ஆனால் படத்தை அங்கே நிறுத்தாதீர்கள். அதே உத்தரவுத் தாள், அதே வாசகம், கீழே பெயர் மட்டும் வேறு என்று இன்னும் ஒரு காட்சி வேண்டும்.

இன்னொரு முடிவும் உண்டு. பேய் யாரையும் கொல்வதில்லை. இறால் பண்ணைக் காவல்காரரிடம் வருகிறது, பக்கத்தில் உட்கார்கிறது. நாலரை மணி. மின்சாரம் போகிறது. ஜெனரேட்டர் சாவி அவர் கையில் இருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை. இது சரியா தப்பா என்று உங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி ஆகும். சம்பளம் போகப்போவது அவருக்கு, நஷ்டத்துக்குக் காப்பீடு கம்பெனிக்கு. அந்தச் சண்டை தீராமல் இருக்கும்போதே கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.